தண்ணீரில் நின்ற தார்வலா ஜோடி

தார்வலா
24 ஜனவரி 1999

அன்புத் தம்பி கௌப்போவுக்கு,

அக்கா ஊர்வே எழுதுவது. இடது காதில் ஒரு குத்தல், அதைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, உன் வயிறு ஒழுங்காக இருக்கிறதா? போன தடவை மாதிரி துறைமுகத்தில் கண்டதையும் தின்றுவிட்டுப் படுத்துவிடாதே.

ஜன்னல் விளிம்பு வரைக்கும் பனி. ஏரி நன்றாக இறுகிவிட்டது. கோட்டை மேட்டைச் சுற்றிச் சறுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். நவம்பரில் வெண்ணெய் ஆலையை மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் பகலில் வேலை கிடையாது. அதனால் பாதையில் எந்நேரமும் கூட்டம். சறுக்கிச் சறுக்கி எல்லாரும் இளைத்துப்போய்விட்டார்கள்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நம் விளையாட்டுக் கழகத் தலைவர் ஹெய்னோ, பெண்டாட்டி சுமக்கும் ஓட்டத்தின் நாட்டுப் போட்டியை இந்த ஆகஸ்டில் தார்வலாவுக்கே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு ஒரு சரித்திரமும் தயார் செய்திருக்கிறார். ரஷ்யப் படை நம் கோட்டையை வளைத்தபோது உள்ளே இருந்த வீரர்கள் ஆளுக்கொரு பெண்டாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, உறைந்த ஏரியைத் தாண்டித் தப்பினார்களாம். அருங்காட்சியகத்தில் இருக்கிறாளே மெரிக்கே (உனக்குத் தெரியாது, வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது), அவள் பத்திரிகையில் மறுப்பு எழுதிவிட்டாள். கோட்டையில் இருந்தவர்கள் ஜெர்மானியத் துறவி வீரர்கள், அவர்களுக்குப் பெண்டாட்டியே கிடையாது என்று. ஹெய்னோ அசரவில்லை. "அப்ப அடுத்தவன் பெண்டாட்டியத் தூக்கிட்டு ஓடியிருக்கான். ஓடினது ஓடினதுதானே?" என்கிறார்.

நானும் இல்மாரும் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். வெளியே குளிர் என்பதால் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். மெரிக்கே வீட்டு மாடியிலிருந்து அது பக்கம், ஆகவே இல்மாருக்கு வசதி. எங்கள் விவாகரத்து இந்த மாதம் பதிவாகிவிட்டது. மற்றதையெல்லாம் டிசம்பர் கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறேன். திரும்ப எழுதத் தெம்பில்லை.

கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன். எந்தத் துறைமுகத்துக்கு அனுப்ப என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஊர்வே

*

டாக்கார்
2 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறும் நலம். உன் காதுக்குக் கற்பூரத் தைலம் போட்டாயா?

உன் ஜனவரிக் கடிதம் வந்தது. டிசம்பர் கடிதம் வரவில்லை. வரவே இல்லை. கப்பல் முகவரிடம் போய் தபால் மூட்டையைக் கொட்டச் சொல்லி நானே தேடினேன். கிரேக்கத்துக்குப் போக வேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது, உன் கடிதம் இல்லை.

அதனால் இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பனி அதிகம். துறவிகளுக்குப் பெண்டாட்டி கிடையாது. உனக்குப் புருஷன் கிடையாது. அந்தப் புருஷன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார். நாலு தடவை படித்தேன், அக்கா. இயந்திர அறையில் எனக்குக் கீழே வேலை செய்யும் போலந்துக்காரனிடம் படித்துக் காட்டினேன். "உங்க ஊர்ல விவாகரத்துன்னா வேற ஏதாவது அர்த்தமா?" என்று கேட்கிறான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என்னதான் நடந்தது? சண்டையா? நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லையே. நீங்கள் பேசியே நான் அதிகம் பார்த்ததில்லை. யார் இந்த மெரிக்கே? அத்தான் ஏன் அவள் மாடியில் இருக்கிறார்? இனிமேல் அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவதா, இல்மார் என்று கூப்பிடுவதா?

டிசம்பரில் எழுதியதைத் தயவுசெய்து திரும்ப எழுது. அடுத்தது சாந்தோஸ், பிரேசில். காலுறையை அங்கே அனுப்பாதே, அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

அன்புடன்,
கௌப்போ

*

தார்வலா
11 ஏப்ரல் 1999

அன்புத் தம்பிக்கு,

காது தேவலை. நீ நலமென்று படித்து நிம்மதி. ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது, பகலெல்லாம் யாரோ தட்டுகளை உடைக்கிற மாதிரி சத்தம்.

சண்டை எதுவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் அந்தப் பெண் "காரணம்?" என்று கேட்டாள். நான் இல்மாரைப் பார்த்தேன், இல்மார் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னு போட்டுக்கறேன்" என்று அவளே எழுதிக்கொண்டாள். வெளியே வந்து ஆளுக்கொரு காபி குடித்தோம். அவர்தான் வாங்கினார். அவ்வளவுதான்.

ஏன் ஓடுகிறோம் என்று கேட்கிறாய். மூன்று கோடையாக நாங்கள்தானே ஜெயிக்கிறோம்! ரொட்டிக்கடைச் சுவரில் எங்கள் படத்தைக் கதவு அகலத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். என் முகம் தெரியாது, தலைகீழாகத் தொங்குவதால் முதுகுதான் தெரியும். ஆனாலும் நான்தான் என்று ஊருக்கே தெரியும். பிரிந்ததை ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. இல்மார் மெரிக்கே மாடியில் இருப்பது கூரையைப் பழுது பார்க்கத்தான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையிலேயே கூரையைப் பழுதும் பார்க்கிறார். எல்லாம் ஆகஸ்ட் முடியட்டும் என்று விட்டுவிட்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் பாட்டு விழாத் திடலில் பயிற்சி. மேடைக்குப் பின்னால் கலப்புப் பாடகர் குழு ஒத்திகை பார்க்கும், நாங்கள் புல்மேட்டில் ஓடுவோம். போன வெள்ளி இல்மார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பயிற்சிக்குத் தேய்த்த சட்டை! காலரெல்லாம் கத்தி மாதிரி மடிப்பு. இருபது வருஷத்தில் அவர் தேய்ப்புப் பெட்டியைத் தொட்டதில்லை. மெரிக்கே புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக் நன்றாகச் செய்வாளாம், அதுவும் சொன்னார். முப்பத்துநாலு வயது, கண்ணாடி போட்டிருப்பாள், கழுத்து நீளம். எனக்கென்ன.

டிசம்பரில் எழுதியதைத் திரும்ப எழுதுவது கஷ்டம். உட்கார்ந்தால் வருவதில்லை.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

ஊர்வே

*

சாந்தோஸ்
20 மே 1999

அக்காவுக்கு,

சுகம்தானே? நான் சுகம் என்று சொல்ல முடியவில்லை, தலை சுற்றுகிறது. வெயிலால் இல்லை, உன் கடிதத்தால்.

நேற்று உனக்குத் தொலைபேசி போட்டேன். ஞாபகம் இருக்கும். நாலு நிமிஷம் பேசினாய். மூன்று நிமிஷம் உருளைக்கிழங்கு நட்டதைப் பற்றி. அப்புறம் நான் "அத்தான் எப்படி இருக்கார்?" என்று கேட்டதற்கு, "வாசல்ல விறகு பொளந்துட்டிருக்கார், கூப்பிடவா?" என்றாயே, அக்கா! உன் வாசலிலா? விவாகரத்தான வீட்டிலா? நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

எனக்கு இப்போது ஒன்று மட்டும் புரிகிறது. நீ சொல்லாவிட்டாலும் புரிகிறது. அந்த நீளக் கழுத்துக்காரி. சட்டை, கேக், மாடி. இத்தனைக்கும் ஈடாக அவர் உனக்கு விறகு பிளந்து கொடுத்துக் கணக்கைச் சரிசெய்கிறார் போலிருக்கிறது. வெண்ணெய் ஆலையில் உன் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனுஷர்! பிள்ளை இல்லாத வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தானே ஒருவருக்கொருவர் இருந்தீர்கள்?

அவருக்கு நேராகவே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். காரமாகத்தான் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்தத் தோளில் ஏறாதே இனிமேல்.

கௌப்போ

*

தார்வலா
16 ஜூன் 1999

கௌப்போவுக்கு,

மச்சான் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். பட்டாளத்திலிருந்து ஊர்வேக்கு மூன்று எழுதினேன், அதற்குப் பிறகு இதுதான்.

மெரிக்கேயைப் பற்றி நீ எழுதியது தப்பு. அவளுக்கு ஒருத்தன் இருக்கிறான், தார்த்து நகரத்தில் வாத்தியார். வாரக்கடைசியில் வருவான். எனக்கு அவள் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாள். அருங்காட்சியகப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கிறேன். சட்டையை நானே தேய்க்கிறேன். முதல் இரண்டு சட்டை கருகிப்போயிற்று. பயிற்சிக்குப் போகும்போது அழுக்காகப் போனால், தனியாக இருந்து கெட்டுப்போய்விட்டான் என்று ஊர்வே நினைப்பாள் என்பதால் தேய்க்கிறேன்.

நடந்தது இது. ஆலை மூடியபின் இரண்டு பேரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தோம். எங்கே உட்கார்ந்தாலும் அவள் துடைக்கிற இடமாக இருந்தது. ஒரு நாள் காலையில் அவள் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். "நான் உனக்கு இடைஞ்சலா இருக்கேன்ல? வேணும்னா பிரிஞ்சிடலாமே" என்றேன். சும்மாதான் சொன்னேன். இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ" என்றாள். சரி, அவளுக்கு அதுதான் விருப்பம் என்று புரிந்துகொண்டேன். விருப்பமில்லாத இடத்தில் எப்படி இருப்பது? போய்விட்டேன்.

இதை அவளிடம் சொல்லாதே.

ஏரியில் பைக் மீன் தூண்டிலில் நன்றாகக் கடிக்கிறது.

இல்மார்

*

தார்வலா
27 ஜூன் 1999

அன்புத் தம்பிக்கு,

நலமா? நான் நலம்தான், கன்றிப்போன முழங்காலைத் தவிர.

நடுக்கோடை யானித் திருநாள் நெருப்புக் கொண்டாட்டம் முடிந்தது. மழையே இல்லை, அதிசயம். ஊரே கோட்டை மேட்டில் இருந்தது. பீர், உருளைக்கிழங்கு சாலட், புகையூட்டிய மீன். அங்கேதான் ரகசியம் உடைந்தது. பதிவு அலுவலகப் பெண்ணின் புருஷன் குடித்துவிட்டு ஹெய்னோவிடம் கேட்டிருக்கிறான், "பிரிஞ்சவங்க எப்படிய்யா பெண்டாட்டி ஓட்டம் ஓடுவாங்க?" என்று. ஹெய்னோ பீர்க் குவளையோடு என்னிடம் வந்தார். முகம் பீட்ரூட்.

"ஊர்வே, இது நிஜமா?"

"எது?"

"நீ அவனுக்குப் பெண்டாட்டி இல்லயாமே?"

"ஜனவரியிலிருந்து இல்ல."

"அப்ப உங்க படம் போட்ட போஸ்டர்? அச்சாயிடுச்சே! நாடு முழுக்க ஒட்டியாச்சே!"

எங்களைச் சுற்றிக் கூட்டம். ஒருத்தி அழுதாள், எதற்கென்று தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர், சுவர்ப் படத்துக்கு இனிமேல் யார் பொறுப்பு என்று கத்தினார். சொந்தப் பெண்டாட்டி இல்லாமல் ஓடக்கூடாது என்று பாதி ஊர், தார்வலா ஜெயிக்க வேண்டும் என்று மீதி ஊர். கடைசியில் காப்பாற்றியது மெரிக்கே. இந்த ஓட்டத்தைத் தொடங்கிவைத்த ஃபின்லாந்துக்காரர்களின் விதிப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். பெண்டாட்டி சொந்தமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. ஹெய்னோ மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "சரி. நீ பக்கத்து வீட்டுக்காரி. ஓடு."

தம்பி, நீ கேட்டதற்கு இப்போதாவது பதில் சொல்கிறேன். டிசம்பர் கடிதம் என்று ஒன்று இல்லை. எழுத உட்கார்ந்தேன். காரணம் என்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதினதாகச் சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு காலையில் நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து, பிரிந்துவிடலாமே என்றார். ஒரு மனுஷன் அப்படிச் சொன்னால், பல நாள் யோசித்து முடிவு செய்துவிட்டுத்தானே சொல்லியிருப்பான்? அழுது தடுத்தால் இரக்கப்பட்டுக் கூடவே இருப்பார். எனக்கு இரக்கம் வேண்டாம். உனக்கு எது சரின்னு படுதோ என்றேன். அறுத்த துண்டு நாலு விரல் கனம் வந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. பயிற்சியில் அவர் முதுகில் தலைகீழாகத் தொங்கும்போது எங்களுக்குப் பேச வருகிறது. என் கால்கள் அவர் கழுத்தில், என் கைகள் அவர் இடுப்பில், எனக்குத் தெரிவது அவர் குதிகால் மட்டும். அவருக்கு என் முகம் தெரியாது. அப்படி இருக்கும்போது அவர் ஆலையைப் பற்றிச் சொல்கிறார், தூக்கம் வராததைப் பற்றிச் சொல்கிறார். நானும் சொல்கிறேன். இறக்கிவிட்டதும் "வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்று போய்விடுகிறோம். இது என்ன உறவு என்று எனக்கே பிடிபடவில்லை.

உன் கடிதம் அவருக்கு வந்ததாம். என்ன எழுதினாய் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

பார்த்துப் பிழைத்துக்கொள்.

அக்கா

*

டர்பன்
25 ஜூலை 1999

அக்காவுக்கு,

உடம்பு நலம், மனசு கலங்கிப்போய் இருக்கிறது.

முகவர் இன்று இரண்டு கடிதங்களை ஒன்றாகக் கொடுத்தார். ஒன்று உன்னுடையது, ஒன்று அத்தானுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தேன். அதே காலை, அதே ரொட்டி, அதே கத்தி. நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தீர்களா?

உன்னிடம் சொல்லாதே என்று அத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்லப்போகிறேன். அவர் சும்மா கேட்டாராம். நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று நினைத்தாராம். நீ சொல்லாததால், அதுதான் உன் விருப்பம் என்று போய்விட்டாராம். மெரிக்கேக்குத் தார்த்துவில் ஆள் இருக்கிறது. சட்டையை அவரே தேய்க்கிறார், நீ பார்ப்பாய் என்று. இரண்டைக் கருக்கிவிட்டாராம்.

அக்கா, நான் இயந்திரம் பார்க்கிறவன். ஒரு பாகம் உடைந்தால் எது உடைந்தது என்று சொல்லிவிடுவேன். உங்கள் இரண்டு பேரிடமும் எதுவுமே உடையவில்லை. ஆனாலும் வண்டி நிற்கிறது. எங்கே கையை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து நிமிர்ந்து நின்று பேசுங்கள். தலைகீழாக வேண்டாம்.

போட்டிக்கு முன்னால் இது வந்து சேருமா? சேர வேண்டும். அவசரத் தபால் முத்திரை ஒட்டியிருக்கிறேன்.

கௌப்போ

*

தார்வலா
16 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஜலதோஷம், காய்ச்சல், மூக்கில் இன்னும் தண்ணீர் இருக்கிற மாதிரி ஓர் எரிச்சல். நீயாவது நலமாக இரு. உன்னிடமிருந்து ஜூனுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

போட்டி சனிக்கிழமை நடந்தது. எங்கிருந்தெல்லாமோ ஜோடிகள் வந்திருந்தன. ஃபின்லாந்துக்காரர்கள் இரண்டு வண்டி. ஊதுகுழல் வாத்தியம், வறுத்த பாதாம், பாடகர் குழு, எல்லாம் இருந்தன. ஹெய்னோ ஒலிபெருக்கியில் தன் துறவிகள் கதையைச் சொன்னார், மெரிக்கே காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "தார்வலா சார்பா இல்மாரும்... பக்கத்து வீட்டுக்காரியும்!" என்றார். ஊரே கைதட்டியது.

மணல் பகுதியில் நாங்கள்தான் முதலில். முதல் மரத்தடையை இல்மார் ஆடு மாதிரி தாண்டினார். இரண்டாவதையும் தாண்டியாயிற்று. எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை, நான் தலைகீழாகப் பார்த்தேன். தண்ணீர்க்குழியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், என் தலைமுடி நனைந்தது. நடுக்குழியில் நின்றார்.

கால் மடங்கிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"இல்மார், என்னாச்சு?"

"நீ ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"என்னது?"

"அன்னிக்கு. ரொட்டி அறுத்துட்டிருந்தப்ப. ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"இப்பவா கேக்கற? ஓடு!"

"இப்பத்தான் கேக்க முடியும். ஆகஸ்ட் முடிஞ்சா பயிற்சி கிடையாது. அப்புறம் எப்ப கேக்கறது?"

ஃபின்லாந்துக்காரர்கள் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டினார்கள். அடுத்து யாரோ. அடுத்து யாரோ. மேலே ஹெய்னோவின் குரல்: "தார்வலா ஜோடி தண்ணியில நிக்குது... ஏன் நிக்குதுன்னு தெரியல... ஏதோ பேசறாங்கன்னு நினைக்கறேன்... இல்மார், பேச்ச அப்புறம் வச்சுக்கப்பா!"

"நீ ஏன் கேட்ட?" என்றேன் நான்.

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதான்."

அதைக் கேட்டதும் என் கை தளர்ந்துவிட்டது. மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் போனேன்.

"நிமிருய்யா, மூழ்கறேன்!"

"பதில் சொல்லு, நிமிர்றேன்."

"மூச்சு முட்டுது இல்மார்!"

அவர் நிமிர்ந்தார். நான் இருமிக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இல்லை. இருமல் நின்ற பிறகும் சொல்லவில்லை. அவர் மெதுவாகக் கரையேறி எல்லைக்கோடு வரைக்கும் நடந்தே போனார். கடைசி இடம். எங்களுக்கு முன்னால் முடித்தவர் அறுபத்திரண்டு வயதுக்காரர், செயற்கை இடுப்பெலும்பு வைத்தவர்.

இறக்கிவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் துண்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர் மெரிக்கே வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ரொட்டிக்கடைக்காரர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். அது பரவாயில்லை. இல்மார் கேட்டது மட்டும் காதுக்குள்ளேயே இருக்கிறது. எட்டு மாதமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? ஒன்றும் விளங்கவில்லை, தம்பி. வாசல் வரைக்கும் போகிறேன், திரும்பி வந்து படுத்துக்கொள்கிறேன்.

ஊர்வே

*

ஆன்ட்வெர்ப்
12 செப்டம்பர் 1999

அக்காவுக்கு,

ஜலதோஷம் விட்டதா? நான் நலம். உன் ஆகஸ்ட் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. என் ஜூலைக் கடிதம் உனக்கு வந்ததா இல்லையா? வரவில்லையென்றால் இதையாவது படி: எழுந்து வாசலைத் தாண்டிப் போ. படுக்காதே.

இரண்டு நாளாகத் தொலைபேசி போடுகிறேன். யாரும் எடுக்கவில்லை. எங்கே போனாய்? பதற்றமாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுது.

கௌப்போ

*

தார்வலா
26 செப்டம்பர் 1999

அன்புத் தம்பி கௌப்போவுக்கு,

அக்கா நலம். இடுப்பில்தான் பிடிப்பு. உருளைக்கிழங்கு எடுத்தோம், அதனால்தான் தொலைபேசி எடுக்கவில்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. உன் ஜூலைக் கடிதம் நேற்று வந்தது. டர்பனிலிருந்து வேறு ஏதோ தார்வலாவைத் தேடிப் போயிருக்கிறது போல, உறை முழுக்க முத்திரை. நீ பட்ட கவலைக்கெல்லாம் நன்றி. ஆனால் அது வருவதற்குள் நடந்தது வேறு.

செப்டம்பர் இரண்டாவது வாரம் மெரிக்கே வந்தாள். முதல்முறையாக என் வீட்டுக்கு. தார்த்துவில் வேலை கிடைத்திருக்கிறது, மாத முடிவில் வீட்டைக் காலி செய்கிறேன் என்றாள். கேக் கொண்டுவந்திருந்தாள், அவ்வளவு ஒன்றும் பிரமாதமில்லை. போகும்போது, "இல்மார் ஸ்வீடனுக்கு மரம் வெட்டப் போறேன்னு சொல்றார். உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டாள். சொன்னார் என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் நிலத்துக்குப் போனேன். இல்மார் ஏற்கெனவே வந்து முதல் வரிசையைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் வருகிறவர், வந்துவிட்டார். அவர் கிளறினார், நான் வாளியில் பொறுக்கினேன். நாள் முழுக்க அப்படியே. "இந்த மூலையில அழுகல் இருக்கு", "அந்தச் சாக்கக் கொடு", இவ்வளவுதான் பேச்சு. இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் கடைசி வரிசை. அவர் மண்வெட்டியைப் புல்லில் துடைத்துவிட்டு, "சரி ஊர்வே, முடிஞ்சுது. நான் வர்ற வாரம் ஸ்வீடனுக்குப் போலாம்னு இருக்கேன்" என்றார். அதே குரல், தம்பி. ரொட்டி அறுத்தபோது கேட்ட அதே குரல். என் வாய்க்குள் அதே பதில் தயாராக இருந்தது. உனக்கு எது சரின்னு படுதோ. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம்," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார்.

"போக வேண்டாம்!"

கத்திவிட்டேன். வெண்ணெய் ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து நிலத்தில் ஹெய்னோவும் அவர் மனைவியும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் மண், மூக்கு ஒழுகுகிறது, கையில் வாளி. அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிக்கொள்ளவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கும் வேண்டாம்தான்," என்றேன். "எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கும் கேக்கத் தெரியல," என்றார் அவர்.

அப்புறம் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹெய்னோதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார், "இதத் தண்ணியில வச்சே சொல்லியிருந்தா கப்பாவது கிடைச்சிருக்குமே!"

சாக்குகளை வண்டியில் ஏற்றினோம். வீட்டுக்கு வந்தோம். நான் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். அவர் வாசற்படியிலேயே நின்றார். பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். இருபது வருஷம் இந்த வீட்டில் இருந்த மனுஷர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை விடுவது என்று தெரியாமல் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினேன். வைத்தார்.

உன் ஜூலைக் கடிதத்தை இப்போது அவர் படித்துக்கொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து, இரண்டாம் தடவையாக.

கடல் அமைதியாக இருக்கட்டும் உனக்கு.

ஊர்வே